உறைமோர்

எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்து, அக்கா இல்லையே என்று கெசியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவளுக்கே அப்படித்தான் தெரிந்தது. ஹெப்சி அக்கா கையெட்டும் தூரத்தில் இருக்கிறாள். சட்னியில் உப்பு குறைச்சல் என்று குறை சொல்கிறாள். தோசையின் முறுகலான ஓரத்தை மட்டும் முதலில் பிய்த்துத் தின்கிறாள், ஏழு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டை வீட்டில் எப்படித் தின்றாளோ அதே மாதிரி. ஆனால் கெசியாவின் நெஞ்சு மட்டும் அந்த வீட்டின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"என்னட்டி, சாப்பிடாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இந்த ஒரு பதிலுதான். நான் வந்தது உனக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லிரு கெசி."

"புடிக்காம என்ன."

சொல்லும்போதே தன் குரல் கட்டை மாதிரி விழுவது அவளுக்குக் கேட்டது. வேறு எப்படிச் சொல்வது? வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் வர வேண்டுமானால், வந்துவிட்டாள் என்பது முதலில் நெஞ்சுக்குத் தெரிய வேண்டும். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கெசியா காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். பொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நெற்றியில் பொட்டு வைக்கிற வழக்கமே இல்லாத சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண்ணுக்குக் காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துவிட்டது கோமேதகம் ஆடியோ என்கிற கம்பெனி. மிளகளவுதான் இருக்கும். பாடுகிறவருக்கு ஒன்று, அது தோலுக்கு அடியில் வேர்விட்டு உட்கார்ந்துவிடும். கேட்கிறவர்களுக்கு ஒட்டி எடுக்கிற மாதிரி ஒன்று. பாட்டு காதுக்குள் போகும். பாடும்போது பாடகரின் மனசு எப்படி இருந்ததோ, அது கேட்பவரின் மனசுக்குள் போகும். கண்டுபிடித்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்தார்கள். ஜனங்கள் பொட்டு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

கெசியா அதுவரை பெரிய ஆள் இல்லை. தேவாலயத்துப் பியானோவில் விரல் பழகி, சென்னைக்கு வந்து, காபிக் கடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்து, நடுநடுவே தான் எழுதிய பாட்டு ஒன்றிரண்டை நைசாக நுழைத்துப் பாடுகிறவள். பந்தியைப் பார்த்து ஓடுகிற கூட்டத்துக்கு முன்னால் மனமுருகிப் பாடுவது எப்படிப்பட்ட பிழைப்பு என்று பாடியவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவளைக் கோமேதகம் கூப்பிட்டு, முழு ஆல்பம், பியானோவும் உன் குரலும் மட்டும், ஒரு டிரம்கூட வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாள்? காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

ஆல்பத்தின் பெயர் 'தேடுது'. தெற்கத்திப் பக்கம் ஒருவரைப் பிரிந்து ஏங்குவதை அப்படித்தான் சொல்வார்கள். ஹாஸ்டலில் விட்டுவந்த பிள்ளை போனில் 'எனக்கு உங்களத் தேடுதும்மா' என்று அழும். தலைப்புப் பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள்.

*கேட்டுக்கு அந்தப் பக்கம் உன் செருப்புச் சத்தம்,*
*இந்தப் பக்கம் எனக்கு உன்னைத் தேடுது*

என்று முடித்து அவள் பெடலிலிருந்து காலை எடுத்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த என்ஜினியர் நஸ்ரீன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஹெப்சியைப் பற்றியதுதான். அக்கா, ரயில்வேயில் வேலை பார்த்த கோமதிநாயகத்தைக் கட்டிக்கொள்வேன் என்றாள். சபைக்கு வெளியே பெண் கொடுக்க மாட்டேன் என்றார் அப்பா. ஒரு மத்தியானம் பெட்டியோடு கேட்டைத் திறந்தவள், திரும்பிப் பார்த்து, 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. வெறும் போறேன். கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார். சொன்ன மாதிரியே வரவும் இல்லை. கல்யாணமாகி குவாஹாத்திக்குப் போனார்கள் என்று யார் மூலமோ தெரிந்தது. அப்பா செத்தபோதும் அவள் வரவில்லை.

பதிவு முடிந்ததும் பொட்டை எடுத்துவிடுவார்கள் என்றுதான் கெசியா நினைத்தாள். நஸ்ரீன்தான் விஷயத்தை உடைத்தாள்.

"சத்தத்தை எத்தனை காப்பி வேணும்னாலும் எடுக்கலாம் கெசியா. மனசை அப்படி எடுக்க முடியாது. எடுத்தா ரெண்டே நாள்ல ஊசிப்போயிடுது. கேக்கறவங்களுக்குப் பழைய பேப்பர் படிக்கிற மாதிரி இருக்காம்."

"அப்ப எப்படி விப்பீங்க?"

"வீட்ல தயிருக்கு உறை ஊத்துவீங்கல்ல? ஒரு கரண்டி மோர் இருந்தா போதும், எத்தனை அண்டா பாலும் தயிராயிடும். ஆனா அந்த ஒரு கரண்டி உயிரோட இருக்கணும். எங்க டிபார்ட்மென்ட்ல பாடறவங்களுக்குப் பேரே உறைமோர்தான்." நஸ்ரீன் சிரித்துப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. "அன்னிக்குப் பாடினப்ப உங்க மனசு எப்படி இருந்துச்சுன்னு உங்க பொட்டு ஞாபகம் வெச்சிருக்கு. அது ஆற ஆற, மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும்."

"எதுவரைக்கும்?"

"ஆல்பம் ஓடற வரைக்கும்."

ஆல்பம் ஓடியது. ஓடியது என்றால் சாதாரண ஓட்டமா? யாரையும் பிரிந்தறியாத காலேஜ் பையன்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் ஒரு அம்மாள் கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'எந்தங்கச்சிகிட்ட பேசிட்டேன் கண்ணு, உன்னாலதான்' என்று சொல்லி, விடவே இல்லை. எல்லோரும் பாட்டு முடிந்ததும் பொட்டைப் பிய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கெசியாவுக்கு மட்டும் பாட்டு முடியவில்லை.

மேடையில் விருது கொடுத்தார்கள், கேட்டருகே நின்றபடி வாங்கினாள். கிறிஸ்துமஸ் வந்தது, கேட்டருகே நின்றாள். பிரியாணி தின்றாள், அதுவும் அங்கே நின்றபடிதான். எல்லாவற்றையும்விட, புதுப் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. பியானோவில் கை வைத்தால் விரல்கள் நேராக அந்தப் பழைய கட்டைகளுக்கே போய் உட்கார்ந்துகொண்டன. "எதுக்கும்மா புதுசு? இதுவே இன்னும் நல்லாப் போகுதே" என்றார் கலைஞர்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி ரகோத்தமன்.

பிறகு ஒரு நாள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹெப்சி, கையில் பெட்டியோடு. ஏழு வருஷமாக எந்த முகத்துக்காக உருகினாளோ அந்த முகம் வாசலில் நிற்கிறது, கெசியாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஹெப்சி எங்கே, ஹெப்சி எங்கே என்று உள்ளே அடித்துக்கொண்டது அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் அவள் பயந்துபோனாள். பாடிப் பிழைப்பதற்கு வாடகைக்குக் கொடுத்தது வெறும் துக்கத்தை இல்லை, அக்காவையே கொடுத்துவிட்டோம் என்று புரிந்தது.

விலகுவதற்கு வழி இல்லாமல் இல்லை. மனசு சம்பந்தப்பட்ட வியாபாரம் என்பதால் சர்க்கார் ஒரு சட்டம் போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாடகர் நேரில் வந்து, தாய்மொழியில், தன் வாயால் சம்மதத்தையோ மறுப்பையோ சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத் தீர்மானிப்பது மனிதர்கள் இல்லை, மனிதர்கள் விலைபோய்விடுவார்கள் என்று 'சாட்சி' என்ற மென்பொருளை வைத்திருந்தார்கள். ஆள் வந்ததிலிருந்து லிஃப்டில் ஏறிக் கதவு மூடுகிறவரை அது எல்லாவற்றையும் கேட்கும். கடைசி நிமிஷம் வரைக்கும் கலைஞர்கள் மனசை மாற்றிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில், கடைசியாக வாயிலிருந்து வந்த வாக்கியத்தையே முடிவாக எடுத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். சட்டம் எழுதியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். மென்பொருள் எழுதியவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தார்களோ.

அக்கா வருவதற்கு முன்பே, புதுப் பாட்டு வராத தவிப்பில் கெசியா இரண்டு தடவை முயன்று பார்த்திருந்தாள். முதல் தடவை போய், "எனக்கு வேண்டாம் சார், நிப்பாட்டிருங்க" என்று தெளிவாகச் சொன்னாள். ரகோத்தமன் வருத்தப்பட்டார், தலையாட்டினார், காபி வரவழைத்தார். குடித்தாள். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும் சொல்வதைச் சொன்னாள்.

"சரி சார், வாரேன்."

*சரி, வருகிறேன்* என்று சாட்சி எழுதிக்கொண்டது. சம்மதம்.

செய்தி வந்ததும் அவள் போனில் கத்தினாள். "சார், கெளம்பும்போது எல்லாரும் அப்படித்தான சொல்லுவோம்!"

"எனக்குப் புரியுதும்மா. எனக்குப் புரிஞ்சா போதாதே."

அடுத்த தடவை உஷாராகப் போனாள். வேண்டாம் என்று சொன்னதோடு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தாள். ரகோத்தமன் கூடவே நடந்து வந்தார். ஊர்ல மழையா என்றார், தலையாட்டினாள். லிஃப்ட் வந்தது. "அப்ப சரிம்மா, பாத்துப் போங்க" என்று, வயசில் பெரியவர், இரண்டு கையையும் கூப்பிச் சொன்னார். வளர்ந்த வளர்ப்பு சும்மா இருக்குமா? "வாரேன் சார்" என்றது வாய். கதவு மூடிக்கொண்டது. ஆளில்லாத லிஃப்டில் கெசியா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அவர் செய்தது கெட்டிக்காரத்தனமா, மரியாதையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று மூன்றாவது தடவை. தோசைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நஸ்ரீன் போனில் கூப்பிட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு வரணும்னு மறுபடி முயற்சி பண்ணாதீங்க. யாராலயும் முடியாது. பெரியவங்க வழியனுப்பறப்ப வாய் தானாப் பேசிடும். பேசட்டும், சொல்லை மட்டும் மாத்திடுங்க. போறேன்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான் அதுக்குச் சந்தேகமில்லாமப் புரியும்."

கெசியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கேக்குதா?"

"என்னால அதச் சொல்ல முடியாது நஸ்ரீன். அந்த ஒரு சொல்லத்தான உங்க பொட்டு புடிச்சி வச்சிருக்கு. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன், பாதியிலேயே அழுதுட்டேன்." பிறகு கேட்டாள். "அந்த மிஷினத் திருத்தச் சொல்லி நீங்க யாருட்டயும் சொல்லலியா?"

"சொன்னேன். 'வரேன்'னா 'போறேன்'னு அர்த்தம்னு எழுதி அனுப்பினேன். எனக்குத் தமிழ் தெரியுமான்னு திருப்பிக் கேட்டாங்க."

ரகோத்தமனின் அறை குளுகுளுவென்று இருந்தது. மேசை மூலையில் சாட்சியின் பச்சை விளக்கு எரிந்தது. அவர் நல்ல மனிதர்தான், அதுதான் தொந்தரவு. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்திவிட்டு வரலாம்.

"அக்கா வந்திருக்காங்களாமே?"

"வந்திருக்கா சார். எனக்குத்தான் அவ வரல."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்கம்மா. காரைக்குடியில ஒருத்தர், சொத்துத் தகராறுல பத்து வருஷமா தம்பி வீட்டு வாசல்படி மிதிக்காதவர். உங்க பாட்டைக் கேட்டுட்டு பஸ் ஏறிட்டார். இந்த மாதிரி தினமும் எத்தனை பேர் ஏறறாங்க தெரியுமா? நீங்க நிறுத்திட்டா அத்தனை பேருக்கும் அந்த ஏக்கம் பட்டுனு நின்னுடும். பாதி வழியில இறங்கிடுவாங்க."

அவளுக்கு ஜவுளிக்கடை அம்மாளின் கை ஞாபகம் வந்தது. பொய் இல்லை, அவர் சொல்வது நடக்கத்தான் போகிறது.

"அவரு தம்பிய அவருதான் சார் தேடணும். என் அக்காவ எடுத்து வச்சிக்கிட்டு அவரு தம்பியத் தேடக் கூடாது."

"பெரிய வார்த்தைம்மா."

"எனக்கு வேண்டாம் சார்."

காபி வந்தது. அவள் தொடவில்லை. எழுந்தாள். அவரும் எழுந்தார், கூடவே நடந்தார். தரைவிரிப்பில் இரண்டு பேருடைய காலடியும் கேட்கவில்லை. லிஃப்ட் திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றாள். அவர் கை கூப்பினார்.

"அப்ப சரிம்மா. பாத்துப் போங்க."

'வா' என்று ஆரம்பித்துவிட்டது நாக்கு. பல்லால் கடித்து நிறுத்தினாள். 'போ' என்று உதட்டைக் குவித்ததும் காதுக்குப் பின்னால் சுரீரென்றது. மத்தியான வெயில், கையில் சுடுகிற கேட்டுக் கம்பி, தேய்ந்துகொண்டே போகிற செருப்புச் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழுந்தன. தொண்டை அடைத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இது போகிறவளுடைய தொண்டை. ஏழு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டவளாகவே நின்றிருந்தாள். சொல்கிறவள் இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. ஹெப்சிக்கும் இப்படித்தானே அடைத்திருக்கும்? அடைத்தும் சொன்னாளே.

"போறேன் சார்."

ரகோத்தமனின் முகம் நிஜமாகவே பதறியது. கதவு மூடாமல் கையைக் குறுக்கே வைத்தார். "ஐயையோ, போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

எந்த வீட்டிலும் எந்தப் பெரியவரும் சொல்கிற திருத்தம்தான். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திச் சொன்னதுதான். கெசியா அவர் கண்ணைப் பார்த்தாள்.

"போறேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கதவு மூடியது.

கீழே போய்ச் சேருவதற்குள் பொட்டு ஜில்லிட்டுப்போனது. முதலில் அவளுக்குத் தெரிந்தது பசி. அப்புறம் இடது செருப்பு சுண்டுவிரலைக் கடிப்பது தெரிந்தது. எத்தனை மாதமாகக் கடித்துக்கொண்டிருந்ததோ, தோல் காய்த்துப்போயிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் காவலுக்கு இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆட்டோவில் ஏறினாள். ஓட்டியவர் அவள் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், ஆளை அடையாளம் தெரியவில்லை. சிக்னலில் காதுக்குப் பின்னால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மேடம், இது இன்னான்னு தெர்ல, பாட்டு பாடுது, உள்ள ஒண்ணும் ஏற மாட்டுது. இன்னிக்கு எங்க அண்ணனுக்கு ஒரு போன் போடலாம்னு இருந்தேன்." பொட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி வுடு, அப்பறம் பாத்துக்கலாம்."

"இன்னைக்கே பேசிருங்கண்ணே."

"பேசலாம் பேசலாம்" என்று அவர் வேறு பாட்டைப் போட்டார். கெசியாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வண்டி வீட்டுத் தெருவில் திரும்பியதும், ஹெப்சி அங்கே இருக்கிறாள் என்ற நினைப்பு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று படியேறும்போதே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஹெப்சி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு பொட்டு கிடந்தது, கேட்கிறவர்கள் ஒட்டிக்கொள்கிற வகை.

"இது என்னக்கா?"

"என்னன்னு உனக்குத் தெரியாதாக்கும். உன் கம்பெனி சாமானம்தான்." ஹெப்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. "குவாஹாத்தியில பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பொண்ணு ஒண்ணு குடுத்துச்சு. ஒரு பாட்டுதான் கேட்டேன் கெசி. ஒருத்திக்கு என்னை இப்படியா தேடுதுன்னு இருந்துச்சு. மறுநாளே உங்க அத்தான்ட்ட சொல்லி டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டேன்."

"இங்க வந்த பெறகும் போட்டிருந்தியா?"

"போடாம? நீ கதவத் தொறந்த அன்னைக்கு, கூரியர்க்காரன் வந்த மாதிரியில்லா நின்ன. வந்த வழியே திரும்பிரலாம்னு வந்துச்சு எனக்கு. முடிக்குள்ள இத ஒட்டிக்கிட்டு உன் பாட்டக் கேட்டேன். அதுல நீ என்னத் தேடிக்கிட்டுதான் இருந்த. சரி, பிள்ளைக்கு உள்ள இருக்கு, காட்டத் தெரியல, பொறுத்துக்குவோம்னு தெனமும் கேட்டுக்கிட்டே கெடந்தேன்." பெட்டியின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. "இப்ப கொஞ்ச நேரம் முன்னால, பாத்திரம் தேச்சிக்கிட்டு இருக்கும்போது நின்னுபோச்சு. பாட்டு ஓடுது. உள்ள ஒண்ணுமே இல்ல."

"நான்தான் நிப்பாட்டினேன்."

"தெரியுது. அதான் கெளம்புதேன்."

உனக்காகத்தான் நிறுத்தினேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள் கெசியா. படியில் யோசித்து வைத்த நல்ல வார்த்தைகளெல்லாம் தயாராகத்தான் இருந்தன. ஹெப்சி பெட்டியைத் தூக்கித் தரையில் நிறுத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது வேறு ஒன்று.

"போவியா?"

"என்ன?"

"மறுபடியும் போவியா நீ? பெட்டியத் தூக்குறது ஒண்ணுதான் தெரியுமா உனக்கு?"

கெசியா பெட்டியைக் காலால் எத்தினாள். அது சோபாவில் மோதிச் சாய்ந்தது. இவ்வளவு கோபம் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. பொட்டு ஏக்கத்தை மட்டும்தான் மறுபடி மறுபடி சூடுபண்ணி வைத்திருந்தது. அதற்கு அடியில் கிடந்த இதை யாரும் கேட்கவில்லை, யாரும் பதிவு செய்யவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. அது பாட்டுக்கு அப்படியே பத்திரமாக இருந்திருக்கிறது.

"அப்பா ஆஸ்பத்திரியில கெடந்து, கதவு தொறக்கும்போதெல்லாம் ஹெப்சியான்னு கேட்டாரு! இல்லப்பா, நர்சுன்னு நான் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்லணும்! கல்லறைத் தோட்டத்துல அத்தன பேரும் போன பெறகு நான் ஒருத்திதான் நின்னேன். நீ எங்கட்டி இருந்த?"

அக்காவை 'ட்டி' போட்டுக் கூப்பிட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. ஹெப்சியின் முகம் சிவந்தது.

"எனக்கு யாரு சொன்னா? அப்பா செத்தத மூணு மாசம் கழிச்சி மூணாவது மனுசன் சொல்லி நான் கேட்டேன்! நீ சொன்னியா?"

"நம்பர மாத்திட்டுப் போனவளுக்கு எங்க போயிச் சொல்ல?"

"எதுக்கு மாத்தினேன்? நீ கூப்பிடுவ கூப்பிடுவன்னு ஒரு வருசம் அதே நம்பரத்தான் வச்சிருந்தேன்! அன்னைக்கு அப்பா அந்தக் கத்துக் கத்துதாரு, நீ மூலையில நின்னு கீபோர்டத் தொடச்சிக்கிட்டு இருந்த. அக்கா போகாதன்னு ஒரு வார்த்த சொன்னியாட்டி? ஒரே ஒரு வார்த்த?"

"எனக்கு அப்ப என்ன வயசு!"

"வாய் இருந்துச்சுல்லா!"

"நீ கூடத்தான் திரும்பிப் பாத்த! பாத்துட்டு என்ன சொன்ன? சொல்லுத வார்த்தையா அது? யாராவது சொல்லுவாங்களா அத?"

ஹெப்சி பதில் சொல்ல வாயெடுத்தபோது அழைப்பு மணி அடித்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். மறுபடியும் மணி அடித்தது. ஹெப்சி புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். கீழ் வீட்டுக்காரர் நின்றார்.

"ரொம்ப சத்தம் கேட்டுச்சு. ஏதாவது பிரச்சனைங்களா?"

"ஒண்ணுமில்லங்க. நாங்க அக்கா தங்கச்சி. பேசிக்கிட்டு இருக்கோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஹெப்சி கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, சாய்ந்து கிடந்த பெட்டியைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினாள். சோபாவில் உட்கார்ந்து, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"ம், சொல்லு. எல்லாரும் போயிட்டாங்க, நீ ஒருத்திதான் நின்ன. அப்புறம்?"